ஒரு வருஷத்தில் மூன்று கிளட்ச்

ஆகஸ்ட் 4

மறுபடியும் கிளட்ச் போய்விட்டது.

டைரி எழுதும் பழக்கம் எனக்கில்லை. பம்ப் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். வருஷம் பிறந்தால் ஒரு டைரி கொடுப்பார்கள், அதில் சௌந்தரம் கோலம் வரைந்து பழகுவாள். ரிடையர் ஆன வருஷமும் ஒன்று கொடுத்தார்கள். இந்தக் காரைப் பற்றி யாரிடமாவது புலம்பாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வீட்டில் புலம்பினால் 'நானா வாங்கச் சொன்னேன்' என்ற பதில் சுடச்சுடத் தயாராக இருக்கிறது. அதனால் இங்கே புலம்புகிறேன்.

மார்ச்சில் வாங்கினேன். பதினாலு வருஷப் பழசு, கருநீலம், டர்போ, இருநூறு குதிரைத்திறன், ஆறு கியர். கம்பெனி பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் கெட்ட வார்த்தையும் சேர்ந்து வந்துவிடும். மே மாசம் முதல் கிளட்ச் போனது. பழைய ஓனர் கன்னாபின்னாவென்று ஓட்டியிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது மூன்று மாசத்தில் இரண்டாவது. சுந்தராபுரம் சிக்னலில் கருகல் வாசம் வந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் இறங்கி வந்து, "ஏனுங்க, வண்டில தீ கீ பிடிச்சிருச்சுங்களா?" என்று கேட்கிறான். மானம் போனது.

ஆகஸ்ட் 9

அபு போன் செய்தான். அபுதாகிர், குறிச்சிப் பிரிவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இந்த மாதிரிக் கார்களில் கை வைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் அவன் ஒருவன்தான். பிளேட் கருகி, கூடவே ஃப்ளைவீலும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதாம். சாமான் பம்பாயிலிருந்து வர வேண்டும். வர இருபது நாள். விலையைச் சொன்னான். சௌந்தரத்திடம் அதில் பாதியைச் சொன்னேன். அதற்கே அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

போனை வைக்கும் முன் அபு, "அண்ணா, ஓட்டும்போது கால் எங்க வச்சுக்கறீங்க?" என்று கேட்டான். காலைக் காலில்தான் வைத்திருக்கிறேன் என்றேன். சிரித்தான்.

ஆகஸ்ட் 31

கார் வந்தது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது நின்றாலும் தின்கிறது, ஓடினாலும் தின்கிறது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர். டயர் ஒன்றின் விலைக்கு மொபெட்டே வாங்கலாம். ஆனாலும் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது முதுகை சீட்டோடு வைத்து அழுத்துகிறதே, அதற்கு விலையே இல்லை.

இதை ஏன் வாங்கினேன் என்றும் எழுதி வைத்துவிடுகிறேன். கல்யாணமான புதிதில் சௌந்தரத்தை பஸ்ஸில் வால்பாறைக்குக் கூட்டிப் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பதிலும் வாந்தி எடுத்தாள். கடைசி வளைவில், 'ஒரு நாள் நம்ம சொந்தக் கார்ல, நானே ஓட்டி, வாந்தி வராம உன்னைக் கூட்டிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வீடு, மகன் படிப்பு, அவன் கல்யாணம், அவன் பெங்களூர் போய்ச் சேர்ந்தது என்று முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிப்ரவரி 11 கல்யாண நாள். அன்றைக்குப் போயே தீருவது. நான் ஓட்ட, அவள் பக்கத்தில். இதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

செப்டம்பர் 13

பெடலில் அதிர்வு வருகிறது என்று போன மாசம் அபுவிடம் சொல்லியிருந்தேன். எஞ்சின் மவுண்ட் ரப்பர் மாற்றச் சொன்னேன். இன்றைக்கு ஓட்டினால் வெண்ணெய். காலில் அதிர்வே தெரியவில்லை.

அதிர்வைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டெஸ்ட் பெட்டில், அதாவது சோதனை மேடையில், பம்ப் ஓடும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அடித்தட்டின் மேல் வெறுங்காலை வைப்பேன். பேரிங் சரியில்லையா, ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, இம்பெல்லர் உரசுகிறதா, உள்ளங்கால் சொல்லிவிடும். மீட்டர் அப்புறம்தான். ஜப்பான்காரன் ஒருத்தன் வந்து பார்த்துவிட்டு என் காலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பழக்கத்தில்தான் காரும் வெறுங்காலில் ஓட்டுகிறேன்.

சௌந்தரம் மட்டும், "பல்லெல்லாம் ஆடுதுங்க, இதுக்கா காசு குடுத்தீங்க?" என்கிறாள். இந்த மனுஷியை எதிலும் திருப்திப்படுத்த முடியாது.

செப்டம்பர் 14

அபுவிடம் மவுண்டுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றான். சாமான் இன்னும் வரவில்லையாம், மாற்றவே இல்லையாம். அப்புறம் எப்படி அதிர்வு நின்றது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். சில நேரம் ரப்பர் தானே செட் ஆகிவிடும். எனக்குத் தெரியாததா.

செப்டம்பர் 29

செருப்புக் கம்பெனிகளும் இப்போது சரியில்லை. கடைவீதியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றதென்றே தெரியவில்லை. எதிர் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்டோபர் 17

சௌந்தரம் பிடுங்கல் தாங்காமல் சர்க்கரை டாக்டரிடம் போனேன். ஏறியிருக்கிறதாம். தீபாவளி வருகிறது, ஏறாமல் என்ன செய்யும்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். பத்துக்குப் பத்து. தினமும் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார். சௌந்தரம் அதை வாங்கி மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் 'காலைக் காட்டுங்க' என்று ஆரம்பித்தாள். போய் வேலையைப் பார் என்றேன்.

கண்ணை நான் முழுசாக மூடவில்லை. டாக்டர்கள் எதையாவது கண்டுபிடித்தால்தானே அவர்களுக்கும் பிழைப்பு.

நவம்பர் 8

மூன்றாவது கிளட்ச்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். கார் உக்கடம் மேம்பாலத்தில் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னாலிருந்து எல்லா ஹாரனும் எனக்குத்தான். கயிறு கட்டி அபுவிடம் இழுத்துப் போனோம்.

அபுவைப் பிடித்துக் கத்திவிட்டேன். டூப்ளிகேட் சாமான் போடுகிறாய் என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கையில் ஸ்பானரோடு நின்றுவிட்டார்கள். அபு கழற்றிய பிளேட்டை ஒரு துணியால் துடைத்து என் கையில் கொடுத்தான். கருகிப் போயிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்குச் சலித்துவிட்டது. உண்மையாகவே சலித்துவிட்டது. இந்த வயசில் ஒரு மனுஷன் எத்தனை தடவை ஆட்டோவில் வீடு திரும்புவது.

நவம்பர் 24

இந்தத் தடவை சாமான் சீக்கிரமே வந்து, அபு காரைக் கொடுத்துவிட்டான். இன்றைக்குப் புதுப் பிரச்சினை. போர்டிகோவிலிருந்து எடுக்கும்போது கார் தானாக முன்னால் பாய்ந்தது. ஒரு செகண்ட்தான். செம்பருத்தித் தொட்டி இரண்டு காலி. நான் பிரேக்கில்தான் கால் வைத்திருந்தேன். ஆக்சிலேட்டர் பக்கம் போகவே இல்லை.

நெட்டில் பார்த்தேன். எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் த்ராட்டில் என்று ஒரு சாமான் இருக்கிறது. பழைய டர்போ கார்களில் அது மாட்டிக்கொண்டால் இப்படிப் பாயுமாம். ஆக, நான் நினைத்தது சரி.

டிசம்பர் 3

சௌந்தரம் புதுசாக ஒன்று செய்கிறாள். காரை எடுக்கும்போது கேட்டைத் திறந்துவிட்டு ஓட்டமாகப் போய் முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள். கார் ரோட்டுக்குப் போன பிறகுதான் வெளியே வருகிறாள். அக்கம்பக்கத்தில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு வெயிலாக இருக்கிறது என்கிறாள். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்.

டிசம்பர் 15

த்ராட்டிலை மாற்றச் சொல்லி அபுவிடம் போனேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, அதில் கோளாறு இல்லை, மாற்ற மாட்டேன் என்றான். காசு கொடுக்கிறேன் என்கிறேன், வேண்டாம் என்கிறான். இப்படி ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவிநாசி ரோட்டில் ஏசி போட்ட ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. பொங்கல் முடிந்து அங்கே விடுவதாக இருக்கிறேன்.

சாப்பிடும்போது சௌந்தரத்திடம் இதைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். யாரைச் சொல்கிறாய் என்றேன். பழமொழி சொன்னேனுங்க என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி எழுந்ததில்லை.

ஜனவரி 6

கார் மறுபடி பாய்ந்தது. கேட் ஒரு பக்கம் வளைந்துவிட்டது. முன் பம்பர் போய்விட்டது. சௌந்தரம் மரத்துக்குப் போவதற்குள் நடந்துவிட்டது. அவள் கையில் லேசான அடி.

ஜனவரி 7

மாவுக்கட்டு ஆறு வாரத்துக்கு. வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில்.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சௌந்தரம் முந்திக்கொண்டு கேட்டில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டாள்.

ஜனவரி 19

கார் அவிநாசி ரோட்டில். நான் அடுப்படியில். சாம்பாருக்குப் புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அவள் ஹாலில் உட்கார்ந்து சொல்கிறாள், நான் போடுகிறேன். ஜடை பின்னவும் நான்தான். முதல் நாள் பின்னிய ஜடையைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கட்டுப் போட்ட கையோடு சிரிக்கிறாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ராத்திரியில் அவள் கை வலியில் முனகுவது கேட்கிறது. நான் தூங்குகிற மாதிரிப் படுத்திருக்கிறேன்.

ஜனவரி 22

சாதம் வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டது. நான் வடித்துமுடித்து, தட்டை மூடி, கரண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வந்த சௌந்தரம் 'ஐயோ காலு' என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் இடது பாதம் முழுக்கக் கஞ்சி, ஆவி பறக்கிறது, தோல் வெந்து தொங்குகிறது. தண்ணீரை ஊற்றினாள், ஒற்றைக் கையால் தேங்காய் எண்ணெய் எடுத்தாள், எரியுதா எரியுதா என்று கேட்டாள்.

எரிகிறது என்றேன். அப்படிச் சொல்வதுதான் முறை என்று தோன்றியது.

ஜனவரி 30

கார் வந்துவிட்டது. புது த்ராட்டில், புது சென்சார், புது பம்பர். பில் மூன்று பக்கம். நான் சொன்னதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. காப்பி கூடக் கொடுத்தார்கள்.

கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனபோது அதே சர்க்கரை டாக்டர். இந்தத் தடவை பின்னால் நின்ற நர்ஸ் என் கண்ணைத் துண்டால் மூடிவிட்டாள். பத்துக்கு எத்தனை என்று நான் கேட்கவில்லை. சௌந்தரம் வெளியே போய் நின்றுகொண்டாள்.

பிப்ரவரி 11

மெதுவாக எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கு நான் காரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அபு வந்து நின்றான். டிசம்பரிலிருந்து பேச்சில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தான். "புது த்ராட்டில் போட்டிருக்குதாமுங்ணா. மலை ஏறும்போது சத்தம் எப்புடி வருதுன்னு கேக்கோணும்" என்றான். வால்பாறை போவது அவனுக்கு எப்படித் தெரியும் என்று சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள் பிளாஸ்கை எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். கூட்டுச் சதி. சண்டை போடத் தெம்பில்லை, ஏறச் சொன்னேன்.

நான்தான் ஓட்டினேன். சௌந்தரம் பின் சீட்டில், கைக்கு அடியில் ஒரு தலையணை. என் பக்கத்தில் அபு. கிணத்துக்கடவு வரை ஒன்றுமில்லை. பொள்ளாச்சி டவுனுக்குள் நெரிசலில் நின்று நின்று போகும்போது அந்த வாசம் வந்தது. அபு அவன் பக்கத்து ஜன்னலை இறக்கினான்.

ஆழியார் செக்போஸ்ட்டுக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். அபு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "அண்ணா, உங்க கம்பெனில பம்ப் ஒண்ணு ஒழுங்கா ஓடலைன்னா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"ஆளை மாத்துவோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. எங்கள் டெஸ்ட் பெட்டில் அது முதல் விதி. மெஷினைக் குறை சொல்லும் முன் அதே மெஷினில் வேறு ஆளை நிறுத்து. அப்போதும் கோளாறு வந்தால் மெஷின். வராவிட்டால் ஆள். அந்த விதியைப் போர்டில் எழுதி மாட்டியவனே நான்தான். அந்த விதிப்படி ஏழெட்டுப் பேரை நான் டெஸ்ட் பெட்டிலிருந்து வேறு பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர் ரிடையராக ஒரு வருஷம் இருக்கும்போது அனுப்பினேன். அவர் பேர் கனகசபை. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாவியை அபுவிடம் நீட்டினேன்.

முதல் வளைவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மூக்கைத் தீட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். கருகல் வாசம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், வேண்டிக்கொண்டேன். மாசாணியம்மனுக்குக் கூட நேர்ந்துகொண்டேன். என் கார் கெட்டது என்று நிரூபணமாக வேண்டும் என்பதற்கு ஒருத்தன் சாமியிடம் நேர்ந்துகொண்டது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வரவில்லை. வளைவுக்கு வளைவு அபு இடது காலைக் கிளட்ச் பெடலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தேன். மிதித்தான், கியர் மாற்றினான், எடுத்துவைத்தான். எனக்கு முப்பது வருஷம் முன்னால் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது அதுதான். நானும் எடுத்து வைப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தினான். கீழே ஆழியார் அணை தெரிந்தது. தடுப்புச் சுவர் மேல் வரையாடு ஒன்று நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. சௌந்தரம் அதைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"கார்ல ஒண்ணுமில்லீங்ணா" என்றான் அபு. "மூணு பிளேட்டும் கிளட்சை மிதிச்சே வச்சுக் கருகினது. ரெண்டாவது தடவையே எனக்குத் தெரியும். எங்க வாப்பாவுக்கும் இதே கதைதான், சர்க்கரை. உங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம மூணு தடவை காசு வாங்கிட்டேன். தப்புத்தான்."

"நீ அப்பவே சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா வேற ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பீங்க."

"எப்படியும் போனேன்."

"ஆமாங்ணா" என்றான். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆட்டைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

மீதி முப்பத்தொரு வளைவும் அபுதான் ஓட்டினான். சௌந்தரம் வாந்தி எடுக்கவில்லை. இருபதாவது வளைவில் தூங்கிவிட்டாள். அந்த எஞ்சின் ஏற்றத்தில் எவ்வளவு சுலபமாகப் போகிறது, திரும்பும்போது எவ்வளவு ஒட்டிக்கொண்டு திரும்புகிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல கார். ரொம்ப நல்ல கார்.

பிப்ரவரி 20

சௌந்தரத்துக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் முழுசாக மடங்கவில்லை. பந்தை அமுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள்.

காரை விற்பதென்று முடிவு செய்துவிட்டேன். கட்டுப்படியாகவில்லை. பெட்ரோல் விற்கிற விலையில், இன்ஷூரன்ஸ், டயர் எல்லாம் சேர்த்தால் பென்ஷன்காரனுக்குச் சரிப்படாது. போனில் மகனிடமும் இதைத்தான் சொன்னேன். நல்ல முடிவுப்பா என்றான். அவனுக்கு அவன் அம்மா என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ தெரியாது.

மார்ச் 2

பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆசைப்பட்டார்கள். மூன்று பேரும் பில் ஃபைலைப் பார்த்ததும் போய்விட்டார்கள். ஒருத்தர் போகும்போது, "இந்த வண்டி ராசியில்லாததுங்க, பழைய இரும்புக்குப் போட்டுருங்க" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. காரைச் சொன்னதற்கு.

மார்ச் 10

இன்றைக்கு நான்காவது ஆள். உடுமலைப்பேட்டையில் பல் டாக்டர், இளவரசி என்று பேர், முப்பத்தைந்து வயசிருக்கும். இந்த மாதிரிக் கார்கள் மேல் பைத்தியமாம். ஏற்கெனவே ஒன்று வைத்திருக்கிறார். அபுவும் வந்திருந்தான். அந்தப் பெண் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்து இறங்கியபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், பிடித்துவிட்டது.

அப்புறம் ஹாலில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் படித்தார். பல் டாக்டர் அல்லவா, அவசரமே இல்லை.

"ஒரு வருஷத்துல மூணு கிளட்சுங்களா?"

ஆமாம் என்றேன்.

"த்ராட்டில் வேற. ஓட்டும்போது ஒண்ணுமே தெரியலீங்க. ஆனா இத்தனை பில் இருக்குதே. கியர்பாக்ஸ்ல உள்ள ஏதோ பெரிய வேலை இருக்குதாட்டங்குது. தப்பா நினைச்சுக்காதீங்க சார், நான் துணிய முடியாது." ஃபைலை மூடி மேஜை மேல் வைத்தார்.

அபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறந்தால் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் எனக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறான். சௌந்தரம் எனக்காக ஆஸ்பத்திரியில் பொய் சொன்னாள். அந்தக் கார் ஒன்றும் சொல்ல முடியாமல் வெளியே நிற்கிறது. எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டு, மூன்று பக்க பில்லாக எழுதி, ஃபைலில் குத்தி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது, போகிற போக்கில், பழைய கார் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "ஆக்சிடென்ட் ஏதாவது ஆயிருக்குதுங்களா?"

சௌந்தரம் அப்போதுதான் காப்பி கொண்டுவந்தாள். இடது கையில் தட்டு, வலது கை சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு ஆயிருக்குதுங்க" என்றேன். "கேட்டைத் திறந்துட்டு நின்னவ மேல ஏத்திட்டேன். இவ மேலதான். கை ரெண்டு எடத்துல உடைஞ்சுது. கார் தானாப் பாயலீங்க. எனக்குச் சர்க்கரைல காலு மரத்துப் போச்சு. கால் எந்தப் பெடல் மேல இருக்குதுன்னே தெரியறதில்லை. மூணு கிளட்சும் நான் தின்னது. வண்டில ஒரு கோளாறும் கிடையாது."

முழு வாக்கியமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண்ணிடம்.

சௌந்தரம் தட்டை மேஜையில் வைத்தாள். டம்ளர் சாய்ந்து கொஞ்சம் காப்பி தட்டில் சிந்தியது. "ஆறிரும், குடிங்க கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் சிந்தியதைத் துடைத்தாள்.

அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தார். காப்பியைக் குடித்தார். விலை பேசவில்லை, நான் கேட்டதற்கே சரி என்றார். காரை அபு உடுமலை வரை ஓட்டிக்கொண்டு போய் விடுவதென்று ஏற்பாடு. நான் ரோடு வரை கூடப் போகவில்லை. சத்தம் வளைவில் திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு போர்டிகோவில் நின்றேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

உள்ளே வந்தால் சௌந்தரம் தரையில் உட்கார்ந்து, பர்ஸிலிருந்து டாக்டர் கொடுத்த தாளைப் பிரித்து வைத்திருந்தாள். "காலைக் காட்டுங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து நீட்டினேன். வலது காலைப் பார்த்தாள். அப்புறம் இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, குதிகாலுக்குக் கிட்டே விரலால் தடவினாள். மடங்காத அந்தக் கையாலேயே தடவினாள். எழுந்து போய்ப் புருவம் எடுக்கிற சாமணம் கொண்டுவந்தாள். ஒரு கண்ணாடிச் சில்லு, அரை விரல் நீளம். எத்தனை நாளாக அதன் மேல் நடந்தேனோ தெரியாது. சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது.

பிடித்து இழுத்தாள். ரத்தமும் சீழும் வந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இழுத்தது தெரிந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்லை" என்றேன்.

கை உடைந்த அன்றைக்குக் கூட அழாதவள், என் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.